சீனச் செதுக்கு அரக்கில் ஒரு சின்னப் பலகை

உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரப் பலகை. அதன் மேல் நான்கு மூலைகளிலிருந்தும் நடுவை நோக்கிச் சுருண்டு வரும் மேகத் தலைகள். ஒவ்வொரு வெட்டுப் பள்ளத்தின் சரிவிலும் கறுப்பு, சிவப்பு, மறுபடி கறுப்பு, மறுபடி சிவப்பு என்று நூல் பிடித்தாற்போல் கோடுகள். சீனச் செதுக்கு அரக்கில் தீஷி என்று சொல்லும் வகை இது. பெய்ஜிங்கின் தோங்ஜோ பகுதியில் இருக்கும் ஒரு சின்னப் பட்டறையில் கற்றுக்கொண்டு, பாதி வேலையை அங்கேயும் பாதியை என் அடுக்குமாடி வீட்டிலும் வைத்துச் செய்து முடித்தேன். எந்தப் பொருள் எப்படி நடந்துகொண்டது என்பதைச் சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன். இதில் இறங்க நினைக்கும் யாருக்காவது உதவும்.

செதுக்கு அரக்கு என்றதும் மரத்தைச் செதுக்கி மேலே சிவப்பு பூசியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒரு வேலையும் உண்டு. ஜப்பானின் காமாகுராவில் செய்வது அதுதான். சீனத்து வேலை அதற்குத் தலைகீழ். அடியில் இருக்கும் மரம் வெறும் தட்டை. அதன் மேல் அரக்கை மெல்லிசாகப் பூசி, இறுகவிட்டு, மேலே மறுபடி பூசி, இப்படியே சில மில்லிமீட்டர் கனம் ஏற்றுவார்கள். பிறகு அந்தக் கனத்தைத்தான் செதுக்குவார்கள். கத்தி மரத்தைத் தொடக் கூடாது. பொதுவாக 15 முதல் 20 பூச்சு சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் வரும். பெரிய வேலைகளில் பூச்சு நூற்றுக்கணக்கில் போகும்.

அருங்காட்சியகங்களில் நாம் அதிகம் பார்ப்பது தீஹோங், அதாவது முழுச் சிவப்பு. மலை, மண்டபம், மரத்தடியில் நிற்கும் கிழவர், பின்னால் நுணுக்கமான பின்னல் தரை. அந்தத் தரைக்கே இலக்கணம் உண்டு. வானத்துக்கு ஒரு பின்னல், நீருக்கு அலைப் பின்னல், நிலத்துக்குச் சாய்சதுரத்துக்குள் பூ வைத்த பின்னல். பின்னலைப் பார்த்தே அந்த ஆள் நிற்பது படகிலா கரையிலா என்று சொல்லிவிடலாம். ஆனால் புதிதாகக் கத்தி பிடிக்கிறவருக்கு அது சரிப்பட்டு வராது என்று பட்டறை ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். அங்கே எல்லோரும் அவரை லாவ்ஷி என்றுதான் கூப்பிடுவோம், அறுபதைத் தாண்டியவர். தீஷியில் படம் எதுவும் இல்லை, வளைவுகள் மட்டும்தான். ஒரே மாதிரியான சாய்வில் சீராக வெட்டத் தெரிந்தால் போதும், அடுக்குகள் தாமாகவே அலங்காரத்தைக் காட்டிவிடும். அதனால் அதையே எடுத்தேன்.

இந்த வகைக்கு வயது அதிகம். சிங்ஜியாங்கின் மீரான் கோட்டையில் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் எடுத்த தோல் கவசச் செதில்கள் லண்டனில் இருக்கின்றன. 8, 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்தத் தோலின் மேல் பல நிற அரக்கை அடுக்கி, மேலிருந்து சுரண்டிக் கீழ் நிறங்களைக் காட்டியிருக்கிறார்கள். முழுதாக வளர்ந்த தீஷியைப் பார்க்க வேண்டுமென்றால் ஆன்ஹுய் அருங்காட்சியகத்தில் இருக்கும் மேகச் சுருள் வட்டப் பெட்டியைப் பார்க்கலாம். ஊசியால் கீறிய சாங் செங்கின் பெயர் அதில் இருக்கிறது. அவரும் யாங் மாவும் 14-ஆம் நூற்றாண்டில், யுவான் அரசர் காலத்தில், சேஜியாங்கின் ஷீடாங் ஊரில் வேலை செய்தவர்கள். என் பலகையின் வடிவத்தை அந்தப் பெட்டியின் மூடியைப் பார்த்துத்தான் எளிமையாக்கி வரைந்துகொண்டேன்.

பால், அரிப்பு, நண்டு

நம்மூர் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. சீன அரக்கு ஒரு மரத்தின் பால். ஹூபெய், ஷான்ஷி, சிச்சுவான் மலைப்பகுதிகளில் கோடையில் மரத்தைக் கீறி, வடிவதைச் சிப்பியிலோ சிறு கிண்ணத்திலோ பிடிக்கிறார்கள். பருவம் முழுக்கக் கீறினாலும் ஒரு மரத்திலிருந்து சில நூறு கிராம் வந்தால் பெரிது. வடியும்போது பால் நிறம், காற்றுப் பட்டதும் காப்பி நிறம், அப்புறம் கறுப்பு. டப்பாவைத் திறந்தால் மேலே ஏடு படிந்திருக்கும், அதை ஒதுக்கினால் கீழே பழுப்பு நிறத்தில் கெட்டியான திரவம். புளித்த வாடை ஒன்று வரும். முதலில் முகம் சுளிக்கவைக்கும், போகப் போகப் பிடித்துவிடும்.

இந்த மரம் மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் சேர்ந்த அதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் புண்ணாகிறவர்களுக்கும், சேங்கொட்டை பட்டுக் கை வீங்கியவர்களைப் பார்த்தவர்களுக்கும் இதன் குணத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. உருஷியால் என்ற எண்ணெய்ப் பொருள்தான் காரணம். கையுறை, முழுக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் தோலைச் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகுதான் சோப்பு என்று எல்லாம் செய்தேன். அப்படியும் மணிக்கட்டில், கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு வளையல் மாதிரி தடித்துவிட்டது. மாம்பழம் தின்று வளர்ந்த உடம்பு கொஞ்சம் தாங்கும் என்று நினைத்திருந்தேன், அதெல்லாம் கிடையாது. வீங்கி, நீர் கோத்து, ஆற இரண்டு வாரம் போல ஆனது. பட்டறையில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அதில் முக்கியமானது நண்டுச் சாறு. நண்டு அரக்கைக் கெடுக்கும், இறுகவிடாது என்ற பேச்சு சீனாவில் ஈராயிரம் வருடப் பழைய நூல்களிலேயே இருக்கிறது. அதனால் அரக்குப் புண்ணுக்கு அதுவே மருந்து என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். நான் தோல் மருத்துவர் கொடுத்த களிம்போடு நிறுத்திக்கொண்டேன். முழுக்க இறுகிய அரக்கு யாரையும் ஒன்றும் செய்யாது, அதில் சாப்பிடக்கூடச் செய்யலாம். ஆபத்து எல்லாம் ஈரத்தில் இருக்கும்போதுதான்.

கச்சாப் பாலில் நான்கில் ஒரு பங்கு போலத் தண்ணீர் இருக்கும். அதை அகலமான தொட்டியில் ஊற்றி, மெல்லிய சூட்டில் துடுப்பால் கிளறிக் கிளறி நீரை ஓட்டினால் தேன் நிறத்தில் தெளிந்த அரக்கு கிடைக்கும். அடிவேலைக்குக் கச்சா, நிறத்துக்குத் தெளிந்தது. கறுப்புக்குக் கரி கலக்கவில்லை. இரும்புச் சத்தைச் சேர்த்தால் அது அரக்கோடு வினைபுரிந்து பாலே கறுத்துவிடும், அந்தக் கறுப்புக்கு ஒரு ஆழம் வரும். சிவப்புக்குச் சாதிலிங்கம், சித்த மருந்துக் கடையில் தெரிந்த அதே பாதரசக் கல். கண்ணாடித் தகட்டில் பொடியையும் அரக்கையும் ஏறக்குறைய சம எடையில் வைத்து, அடி தட்டையான கண்ணாடிக் குழவியால் மணல் சத்தம் நிற்கும் வரை அரைக்க வேண்டும். பழைய காலத்தில் மஞ்சளுக்கு அரிதாரம் போட்டார்கள். அதில் இருப்பது ஆர்செனிக், அதனால் பட்டறையில் இப்போது வேறு நிறப்பொடிதான். அரைத்த எதையும் நான்கைந்து மடிப்பு மெல்லிய துணியில் முறுக்கிப் பிழிந்துதான் பயன்படுத்துவோம். ஒரு தூசி தப்பினாலும் அது கடைசி வரை கூட வரும்.

அடிப்பலகை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகக் காய்ந்த மரம். கச்சா அரக்கும் மாவுக் கூழும் கலந்த பசையால் அதன் மேல் சணல் துணி ஒட்டி, அதன் மேல் செங்கல் பொடி கலந்த அரக்குச் சாந்தைப் பரும்படியிலிருந்து நைசு வரை சில முறை இழுத்து, தண்ணீர்க் கல்லால் தட்டையாகத் தேய்க்க வேண்டும். பின்பக்கத்துக்கும் இதே வேலையைச் செய்யாவிட்டால் பலகை ஒரு பக்கமாக வளைந்துவிடும். பெய்ஜிங் பெரிய பட்டறைகளில் பல காலமாக மரத்துக்குப் பதில் செம்புக் கூடு போடுகிறார்கள். குளிர்காலக் காற்றில் மரம் சுருங்கி அரக்கு வெடிக்கும் தொல்லை அதில் இல்லை.

ஈரத்தில் காய்வது

பெயிண்ட் காய்வது என்றால் அதில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போவது. இந்த அரக்கு அப்படி இல்லை. பாலிலேயே லாக்கேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் இருந்தால்தான் அது வேலை செய்து, உருஷியாலைக் கோத்துக் கெட்டியாக்கும். ஏறத்தாழ 25 டிகிரி, ஈரப்பதம் 75 முதல் 80 சதவீதம் வரை இருந்தால் நல்லது. வெயிலில் வைத்தால் நாள்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். பெய்ஜிங்கில் ஆடி மழைக் காலம் மட்டும்தான் இதற்குத் தோது. நவம்பர் நடுவில் ஊர் முழுக்கச் சூடாக்கி போட்டார்கள் என்றால் வீட்டுக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தொட்ட கதவெல்லாம் ஷாக் அடிக்கும்.

பட்டறையில் இதற்கென்று சுவரை ஈரமாக்கிய ஒரு இருட்டறை உண்டு. ஆனால் தினமும் மாலை ஒரு பூச்சு போட வேண்டிய வேலைக்காகத் தோங்ஜோவுக்கு ஓட முடியுமா? பழம் வந்த பெரிய தெர்மகோல் பெட்டி ஒன்றை எடுத்தேன். அடியில் ஆமை வளர்ப்பவர்கள் வாங்கும் சூட்டுப் பாய், அதன் மேல் கம்பி வலை, பக்கச் சுவரில் நனைத்துப் பிழிந்த துண்டு, மூடியில் ஈரமானி. அவ்வளவுதான். துண்டு பலகையைத் தொடக் கூடாது. மூடியில் நீர் கோத்துச் சொட்டவும் கூடாது. மூடியைக் கொஞ்சம் சாய்வாக வைத்தால் சொட்டு ஓரமாக வழிந்துவிடும்.

சிவப்புக்குத் தனி நிதானம் வேண்டும். ஈரம் அதிகமாக இருந்தால் அரக்கு அவசரமாக இறுகும், அவசரமாக இறுகிய சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போய்விடும். முதலில் 65 சதவீதத்தில் சில மணி நேரம் வைத்து, மேற்பரப்பு மந்தமாகப் பிடித்த பிறகு ஏற்றினேன். அப்படிச் செய்தாலும் முதல் வாரங்களில் அது கருஞ்சிவப்பாகத்தான் தெரியும். அரக்கு நாளாக ஆகத் தெளியும், உள்ளே இருக்கும் சாதிலிங்கம் அப்போதுதான் முகம் காட்டும். வருடக்கணக்கில் நடக்கிற விஷயம் இது.

பூச்சின் தடிமன்தான் முழு வேலையின் உயிர். அகலத் தூரிகையால் குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை, கடைசியில் எடையே இல்லாமல் ஒரு இழுப்பு. நேரம் மிச்சமாகட்டும் என்று தடிமனாகப் பூசினால் மேல்தோல் முதலில் இறுகும், கீழே இருப்பது பிறகு இறுகி இழுக்கும், மொத்தமும் முதியவர் கைத்தோல் மாதிரி சுருங்கிவிடும். பட்டறைச் சுவரில் அப்படிச் சுருங்கிய பலகைகளை வரிசையாக ஆணியில் மாட்டியிருக்கிறார்கள், புதிதாக வருகிறவர்கள் பார்ப்பதற்காக. இன்னொன்று: முந்தைய பூச்சு விரலில் ஒட்டாத நிலைக்கு வந்ததும் அடுத்ததைப் போட்டுவிட வேண்டும். முழுக்க இறுகவிட்டால் புதியது பிடிக்காது. ஊருக்குப் போய் இடைவெளி விழுந்தால், திரும்பி வந்து நனைத்த உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் தொடர வேண்டும். இல்லாவிட்டால் செதுக்கும்போது அந்த இடத்தில் ஏடு ஏடாகக் கழன்று வரும்.

துங் என்ற மரத்தின் விதை எண்ணெயைக் காய்ச்சி அரக்கோடு ஒரு பங்கு சேர்த்தோம். எண்ணெய் சேர்த்தால் பூச்சு கண்ணாடி மாதிரி விறைக்காமல் கொஞ்ச நாள் கத்திக்கு இடம் கொடுக்கும். பெய்ஜிங் வேலை முறையில் எண்ணெய் தாராளம். அதைக் குறை சொல்லும் அரக்கு வேலைக்காரர்களும் உண்டு. எண்ணெய் ஏற ஏற இறுதிக் கெட்டித்தன்மை குறையும் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது.

அடுக்கு வரிசையை முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்தேன். எல்லாவற்றுக்கும் கீழே மஞ்சள் சில பூச்சு, கத்திக்கு எல்லைக்கோடாக. அதன் மேல் கறுப்புப் பட்டை தடிமனாக, நடுவே சிவப்பு மெல்லிசாக, இப்படி மாறி மாறி. உச்சியில் கறுப்பு. தீஷியில் எல்லாப் பட்டையும் ஒரே தடிமனாக இருந்தால் பார்க்கச் சப்பென்று இருக்கும் என்பது என் அபிப்பிராயம். கறுப்பு நான்கு பங்கு, சிவப்பு ஒரு பங்கு என்று வைத்தால் சிவப்பு கோடாகத் துள்ளும். பூசப் பூச உயரம் ஏறுவது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வெர்னியர் அளவுகோலால் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தால் வாரக் கடைசியில் கால் மில்லிமீட்டர் ஏறியிருக்கும். வேலையை விட்டு ஓடிப்போகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் ஓடுகிறார்கள்.

மிங் அரசர் யொங்லே 1403, 1406, 1407-ஆம் ஆண்டுகளில் ஜப்பானுக்கு அனுப்பிய பரிசுகளில் செதுக்குச் சிவப்பரக்குப் பெட்டிகளும் தட்டுகளும் இருந்தன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், 1425-ஐ ஒட்டிச் செய்த இழுப்பறை வைத்த மேசை ஒன்று இருக்கிறது. மேல்பலகை, கால், இழுப்பறை முகம் எல்லாமே சிவப்பரக்கு. பெய்ஜிங் அரண்மனைப் பட்டறையில் செய்தது. பார்க்கிறவர்கள் அதில் ஓடும் நாகத்தையும் பறவையையும் பாராட்டுகிறார்கள். ஒரு பலகைக்கே இந்தப் பாடு பட்ட பிறகு எனக்கு அந்த மேசையின் கால்தான் கண்ணில் நிற்கிறது. வளைந்த காலைச் சுற்றி, வழியாமல், சுருங்காமல், அத்தனை பூச்சு ஏற்றிய கை யாருடையதோ.

கத்தி

கடைசிப் பூச்சு முடிந்து சில நாளில் செதுக்கலைத் தொடங்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்து மெதுவாக மறைய வேண்டும், அதுதான் பதம். அதற்கு முன்னால் என்றால் கத்தி இழுபடும், மாதக்கணக்கில் விட்டால் ஓரம் சிதறும்.

வடிவத்தை மெல்லிய தாளில் வரைந்து, பின்புறம் வெள்ளைப் பொடி தடவி, கறுப்பு மேற்பரப்பின் மேல் வைத்து ஓட்டினேன். பள்ளத்தின் நடுக்கோடு மட்டும் போதும். அகலத்தைக் கத்தியின் சாய்வே முடிவு செய்யும். முதலில் நடுக்கோட்டில் செங்குத்தாக ஒரு கீறல், ஆழம் பாதிக்குச் சற்று அதிகம். பிறகு இடப்பக்கம் சாய்த்து ஒரு வெட்டு, வலப்பக்கம் சாய்த்து ஒரு வெட்டு. நடுவில் இருக்கும் சதை நாடாவாகக் கழன்று வரும். பென்சில் சீவும்போது வரும் வண்ண ஓரச் சீவல் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. ஒவ்வொரு சுருளின் விளிம்பிலும் அத்தனை மாதப் பூச்சும் வரிசையாக நின்றன. அந்தச் சுருள்கள் கொஞ்சத்தை ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன்.

சாய்வுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. 0.2 மில்லிமீட்டர் தடிமனான ஒரு பட்டையைச் செங்குத்தாக வெட்டினால் சுவரில் 0.2 தான் தெரியும், அதையும் மேலிருந்து பார்த்தால் காணாது. 45 டிகிரியில் வெட்டினால் சரிவில் 0.28. மேற்பரப்போடு 30 டிகிரி மட்டும் வைத்துப் படுக்கையாக வெட்டினால் 0.4, அதாவது இரட்டிப்பு. அப்படியானால் படுக்கையாகவே வெட்டிவிடலாமே என்று தோன்றும். பள்ளம் அகன்று பக்கத்துச் சுருளைத் தின்றுவிடும், மேலே கறுப்பு மேடு மிஞ்சாது. பழைய வேலைகளில் பெரும்பாலும் 45-ஐ ஒட்டித்தான் கண்ணுக்குப் படுகிறது. முக்கியமானது வேறு: ஒரு வளைவின் தொடக்கத்தில் பிடித்த சாய்வு முடிவு வரை மாறக் கூடாது. மாறினால் சிவப்புக் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து காட்டிக்கொடுத்துவிடும். தீஹோங்கில் கை நடுங்கினால் ஒரு இலை கோணலாகும், இலைதானே என்று போய்விடலாம். தீஷியில் ஒளிய இடமில்லை. எளிது என்று லாவ்ஷி சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வளைவில் கத்தியைத் திருப்பாமல் பலகையைத் திருப்ப வேண்டும். நனைத்த மணல் மூட்டையின் மேல் பலகையை வைத்து, இடது கை அதைச் சுற்றிக்கொண்டே இருக்க, வலது கை கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும். சுருளின் தலையில், வட்டம் கிட்டத்தட்ட புள்ளியாகும் இடத்தில், நீளக் கத்தி உதவாது. குட்டையான பிறைக் கத்திக்கு மாற வேண்டும். தீட்டுக்கல் பக்கத்திலேயே இருக்கட்டும். அரக்கு மிருதுதான், ஆனால் சாதிலிங்கம் கல்; விளிம்பை வேகமாகத் தின்னும்.

பள்ளத்தின் அடியில் மஞ்சள் எட்டிப் பார்த்ததும் நிறுத்தினேன். யுவான், மிங் காலத்துச் சிவப்பு வேலைகள் சிலவற்றில் சிவப்புக்கு நடுவே ஒற்றைக் கறுப்புக் கோடு ஓடும். அதுவும் இப்படி ஆழம் காட்டத்தான் என்று சிலர் சொல்கிறார்கள்.

ஒரு இடத்தில் சரிவின் நடுவே கண் மாதிரி வட்ட வட்டமாக ஒரு புள்ளி வந்தது. ஏதோ ஒரு பூச்சில் விழுந்த தூசி. அதற்கு மேல் வந்த அத்தனை பூச்சும் அந்த மேட்டைச் சுற்றி வளைந்து ஏறியிருக்கின்றன. இதையே வேண்டுமென்று செய்தால் ஷீபி என்று வேறு ஒரு வகை அரக்கு வேலை: மேடு பள்ளமாகப் பூசி, பல நிறம் ஏற்றி, மட்டமாகத் தேய்த்தால் மரவரி மாதிரி சுழிகள் வரும். என் புள்ளியை அப்படியே விட்டுவிட்டேன்.

தேய்ப்பு

செதுக்கியதும் பலகை பார்ப்பதற்கு முடிந்துபோனது மாதிரிதான் இருந்தது. பட்டறையில் யாரும் அப்படி நினைக்கவில்லை. சில மாதம் இருட்டில் வைத்து முழுக்க இறுகவிட்டு, பிறகு தேய்க்க வேண்டும். சாதிலிங்கம் இருப்பதால் உலர்ந்த தேய்ப்பு கூடாது, பொடி மூக்கில் போகும், எல்லாம் தண்ணீரோடுதான். மேல் மட்டத்துக்குக் கரிக்கட்டி. பள்ளத்துக்கு மூங்கில் குச்சியைச் சரிவுக்குத் தக்கபடி சீவி, அதில் நனைத்த உப்புத்தாளைச் சுற்றி, 800-ஆம் எண் தாளிலிருந்து நைசான 2000 வரை ஏறினேன். ஒவ்வொரு வளைவுக்கும் வேறு வேறு குச்சி. நீட்டு வளைவில் சுகமாக ஓடுகிற குச்சி சுருள் தலையில் முட்டும்.

பிறகு கச்சா அரக்கைப் பஞ்சில் தொட்டுத் தடவி, உடனே முழுக்கத் துடைத்து, பெட்டியில் வைத்து இறுக்க வேண்டும். இதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எல்லாம் நிரம்பும். மறுபடி துடைப்பு, மறுபடி பெட்டி. கடைசியாக மான்கொம்புச் சாம்பல், ஒரு சொட்டு எண்ணெய், உள்ளங்கை. துணி உதவாது, உள்ளங்கையின் சூடும் மெத்தென்ற அழுத்தமும் வேண்டும். பள்ளத்துக்குச் சுண்டுவிரல் நுனி. ஒரு அரை மணி நேரம் ஒன்றும் நடக்காது. திடீரென்று கறுப்புக்குள் சன்னல் தெரியும்.

இந்த வேலையை வைத்தே காலத்தைப் பிரித்துவிடலாம். 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை செய்தவற்றில் கத்தி எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஓரங்கள் எல்லாம் உருண்டு, விரல் வழுக்கிக்கொண்டு போகும். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் சாங் செங்கின் பெயர் பொறித்த சிவப்புத் தட்டு ஒன்று உண்டு. தட்டு முழுக்க ஒரே கார்டீனியா மலர் விரிந்திருக்கும், இதழ் ஒன்றன் மேல் ஒன்று மடிகிற இடத்தில் வெட்டே தெரியாது. 16-ஆம் நூற்றாண்டில் மிங் அரசர்கள் ஜியாஜிங், வான்லி காலத்துக்கு வரும்போது ஓரங்கள் கூராகவே நிற்கின்றன, தேய்ப்பைக் குறைத்துக்கொண்டார்கள். 18-ஆம் நூற்றாண்டில் சிங் அரசர் சியன்லோங் காலத்தில் கூர்மையே பெருமையாகிவிட்டது. தந்தம் செதுக்குகிற நுணுக்கத்தை அரக்கில் கொண்டுவந்தார்கள். நுணுக்கம் பிரமாதம்தான், ஆனால் இண்டு இடுக்கு விடாமல் நிரப்பிய அந்தத் திரைகளையும் சிம்மாசனத்தையும் பார்த்தால் எனக்குக் கண் ஓய்வு கேட்கிறது. செதுக்கியதைவிடத் தேய்த்ததற்கு அதிக நேரம் கொடுத்தவன் என்பதால் என் ஓட்டு சாங் செங் பக்கம்தான்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பான்ஜியாயுவான் பழம்பொருள் சந்தையில் சிவப்பரக்கு என்று குவிந்து கிடப்பவற்றில் பெரும்பாலானது அச்சில் வார்த்த பிசின். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பள்ளத்தின் அடியைப் பாருங்கள். கத்தி போன இடத்தில் கோடு கூர்மையாக முடியும். வார்ப்பில் அடி மழுங்கி, சில இடத்தில் காற்றுக் குமிழி இருக்கும். தீஷி என்றால் இன்னும் சுலபம், சரிவில் கோடுகள் எல்லா வளைவிலும் ஒரே உயரத்தில் ஓட வேண்டும். தூரிகையால் வரைந்த கோடு சுருள் தலையில் கட்டாயம் தடுமாறும்.

சோழமண்டலத் திரைகள் என்று ஐரோப்பிய ஏலங்களில் பெரும் விலைக்குப் போகும் மடக்குத் திரைகளையும் இந்த வரிசையில் சேர்ப்பதுண்டு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சீனாவில் செய்து, நம் கிழக்குக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறியதால் அந்தப் பெயர். அதில் நூறு பூச்சு கிடையாது. சாந்துத் தரையின் மேல் மெல்லிய அரக்கு, அதை வெட்டி எடுத்து, பள்ளத்தில் வண்ணம் நிரப்புவது. வேகமான வேலை, வேறு அழகு.

கடைசியாகத் தூரிகை. அரக்குத் தூரிகையைத் தண்ணீரில் கழுவவே கூடாது. வேலை முடிந்ததும் சமையல் எண்ணெயில் தோய்த்து, மரத் தகட்டால் முடியின் வேரிலிருந்து நுனி வரை அழுத்தி வழித்து, எண்ணெய் தெளிவாக வரும் வரை திரும்பத் திரும்பச் செய்து, எண்ணெயோடேயே தாளில் சுற்றி வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது டர்பன்டைனில் அந்த எண்ணெயை முழுக்கப் போக்கி, கொஞ்சம் அரக்கைத் தொட்டுத் தகட்டில் வழித்து எறிந்துவிட்டு, பிறகு வேலையில் தொடுங்கள். எண்ணெய் மிச்சம் இருந்தால் அந்த வரி மட்டும் எத்தனை நாள் பெட்டியில் வைத்தாலும் இறுகாது. மிஞ்சிய அரக்கின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் காற்றே இல்லாமல் படிய ஒட்டி, மூடி, குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் அடுத்த பலகைக்கு ஆகும். நான் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், இட்லி மாவுக்கு எட்டாத தூரத்தில் வைத்திருக்கிறேன்.